மஞ்சள் ரெலிபோன் பெட்டி

ஜெர்மன்காரன் செய்கிற மெசின் பழுதாகாது என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பழுதாகும். நன்றாகவே பழுதாகும். பழுதாகிவிட்டது என்று அவர்கள் ஒத்துக்கொள்வதற்குள் நீங்கள் கிழவியாகிவிடுவீர்கள், அவ்வளவுதான். ஸ்டேசனில் டிக்கெட் மெசின் காசை விழுங்கிவிட்டுச் சும்மா நிற்கும். ரயிலுக்குள் வருகிற பரிசோதகரிடம் அதைச் சொன்னால், மெசின் அப்படிச் செய்யாது, நீதான் காசு போடவில்லை என்பார். எண்பத்தைந்தில் அந்த நாட்டுக்குப் போய் இறங்கிய எங்களுக்கு, அந்த மெசினுக்குக் கிடைத்த மரியாதையில் பாதி கிடைத்திருந்தால் நான் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

எங்களைக் கொண்டுபோய்ப் போட்டது பிராங்பேர்ட்டிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறிப் போகவேண்டிய ஒரு மலைக் கிராமத்தில். முன்பு தங்குவிடுதியாக இருந்து, ஆட்கள் வராமல் மூடிப்போன கட்டடம். அதைத் திறந்து தூசி தட்டி அகதிகளின் ஹைம் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஹைம் என்றால் வீடு என்று இவர் அகராதி பார்த்துச் சொன்னார். இவர் என்றால் என் கணவர். நல்ல வீடுதான். அறைக்குள் சமைக்கக் கூடாது. வேலைக்குப் போகக் கூடாது. அந்த மாவட்டத்தின் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டுவதென்றால் அலுவலகத்தில் அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் போட்டு அனுமதி எடுக்கவேண்டும். அன்ட்ராக் கொடுப்பதற்கு முதலில் டெர்மின் என்று ஒரு நாளும் நேரமும் குறித்து எடுக்கவேண்டும். அந்த டெர்மினுக்குப் போனால், இந்த விசயத்துக்கு வேறு அறை, வேறு டெர்மின் என்பார்கள். வேலை செய்யவிடாமல் இருத்திவைத்துவிட்டு, இவர்கள் வேலை செய்யாமல் சாப்பிடுகிறார்கள் என்று கடையில் நின்று எங்கள் காது கேட்கவே பேசுவார்கள். இந்தச் சட்டத்தைப் போட்ட அரசாங்கத்தில் ஒருவருக்காவது மண்டைக்குள் ஏதாவது இருந்ததா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

அந்த ஊர்த் தேவாலயத்துப் பெண்கள் நல்லவர்கள், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. நத்தார்ப் பண்டிகைக்கு முன் ஒரு பெட்டி நிறையச் சாமான் கொண்டுவந்து தந்தார்கள். பொது அறைக்கு ஒரு கலர் டி.வி., மேல்மாடிக்கு ஒரு முடி காயவைக்கிற மெசின், எங்கள் அறைக்கு ஒரு முட்டை அவிக்கிற மெசின். முட்டை மட்டும் அவிக்க ஒரு மெசின்! அதோடு முட்டையைக் குத்துவதற்கு ஒரு ஊசி, தண்ணீர் அளக்க ஒரு கோப்பை. ஒரு சட்டியும் தண்ணீரும் போதுமான விசயத்துக்கு எத்தனை பேர் படித்து, எத்தனை பேர் மூளையைக் கசக்கியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் ஹைம் பொறுப்பாளர் வந்து, அறையில் சமைக்கத் தடை என்று அதைத் தூக்கிக்கொண்டு போனார். கண்டறியாத மெசின், கண்டறியாத சட்டம். எனக்கு அதில் கவலை இல்லை. இத்தனை மெசின் தந்தவர்கள் ஒரு ரெலிபோன் தரவில்லையே என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

எனக்கு ரெலிபோன் ஏன் வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். என் மகள் கொழும்பில், வெள்ளவத்தையில், என் அக்காவிடம் இருந்தாள். இவர் முதலில் வந்துவிட்டார். பிறகு நானும் பிள்ளையும் வருவதற்கு எல்லாம் ஒழுங்கு. விமானம் ஏறுவதற்கு முதல்நாள் பிள்ளைக்குச் சின்னமுத்து அம்மை போட்டுவிட்டது. முகமெல்லாம் சிவந்திருக்கிற பிள்ளையை விமானநிலையத்தில் விடமாட்டார்கள், உன்னையும் சேர்த்துத் திருப்பிவிடுவார்கள், இந்தத் தடவை விட்டால் பிறகு வழி இருக்குமோ தெரியாது என்று ஏஜென்சிக்காரன் சொன்னான். அக்கா பிள்ளையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டு, நீ போ, ஒரு மாதத்தில் ஆரோடையாவது அனுப்பிவிடுகிறேன் என்றாள். அப்போது பிள்ளைக்கு இரண்டு வயது. சில மாதத்திலேயே நான் வந்த வழி அடைபட்டுப் போயிற்று.

சட்டப்படி கூப்பிடலாம் என்று அலுவலகத்துக்குப் போனேன். எங்கள் அகதி வழக்கு முடிந்தால்தான் பிள்ளையைக் கூப்பிடுவதைப் பற்றிப் பேசலாம் என்றார் மேசைக்கு அப்பால் இருந்த ஆள். வழக்கு எப்போது முடியும் என்று கேட்டேன். தெரியாது என்றார். பிறகு, கோப்பை மூடிக்கொண்டே, நீதானே பிள்ளையை விட்டுவிட்டு வந்தாய் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, மழை பெய்கிறது என்பதைப் போலச் சொன்னார். அன்றைக்கு அந்த மேசையைப் புரட்டாமல் வந்தது என் பெற்றோர் வளர்த்த வளர்ப்பு.

ஆகவே எனக்கு மிஞ்சியது ஞாயிற்றுக்கிழமை. அக்கா இருந்த மாடிவீட்டுக்குக் கீழ்வீட்டில் ரெலிபோன் இருந்தது. அந்த வீட்டுக்காரர் ஞாயிறு பின்னேரம் மட்டும் எடுக்கலாம் என்று பெரிய மனது பண்ணியிருந்தார். அங்கே பின்னேரம் என்றால் இங்கே காலை. பிள்ளை என்னை மறந்துவிடக் கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். படம் அனுப்பினால் இரண்டு வயதுப் பிள்ளை அதை வைத்து என்ன செய்யும்? குரல் இருந்தால் போதும், குரலைப் பிடித்துக்கொண்டு பிள்ளை வந்துசேரும் என்று நான் நம்பினேன்.

எங்கள் கிராமத்தில் ஒரு மஞ்சள் ரெலிபோன் பெட்டி இருந்தது. அதில் ஜெர்மனிக்குள் மட்டும்தான் பேசலாம். வெளிநாட்டுக்குப் பேசக்கூடிய பெட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தில், இறைச்சிக் கடைக்கு முன்னால். நடந்து போகிற தூரம்தான். ஆனால் பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறு மாவட்டம். என் பிள்ளையோடு பேசப் பாலம் தாண்டுவதற்கு அனுமதி வேண்டும் என்று அன்ட்ராக் போட்டேன். கடிதம் எழுதலாமே என்று பதில் வந்தது. இரண்டு வயதுப் பிள்ளைக்குக் கடிதம்!

அன்ட்ராக்கும் மண்ணாங்கட்டியும் என்று நான் பாலம் தாண்டிப் போகத் தொடங்கினேன். ஞாயிறு காலை தேவாலயத்து மணி அடிக்கிற நேரம் சேலை உடுத்து, பொட்டு வைத்து, மேலே இவருடைய பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு போவேன். ரெலிபோனில் ஆர் உன்னைப் பார்க்கப்போயினம் என்று இவர் பகிடி பண்ணுவார். பிள்ளையிடம் போகிறேன், கண்டபாட்டுக்குப் போகேலாது என்பேன். நான் மட்டுமில்லை, எங்கள் ஹைமில் இருந்த பெண்கள் எல்லோரும் அப்படித்தான். மாமியாரோடு கதைக்கப் போகிறவள் தாலிக்கொடியை வெளியே எடுத்து விட்டுக்கொண்டுதான் பெட்டிக்குள் நுழைவாள்.

பெட்டிக்குள் நின்றால் என் குரலே மாறிவிடும். எனக்கு இயல்பில் கரகரத்த தொண்டை, பேசினால் சண்டை பிடிப்பதுபோல இருக்கும். ரெலிபோனில் அப்படிப் பேசினால் பிள்ளை பயந்துவிடும் என்று, ரேடியோவில் சிறுவர் நிகழ்ச்சி நடத்துகிறவள் மாதிரி இனிக்க இனிக்க, சிரித்துச் சிரித்துப் பேசுவேன். காசு கடகடவென்று விழுந்துகொண்டிருக்கும். மூச்சு விடாமல், என்ர குஞ்சு, என்ன சாப்பிட்டனீங்கள், அம்மாவுக்கு ஒரு பாட்டுப் பாடுங்கோ என்று கொஞ்சுவேன். காசு முடிந்து ரெலிபோன் கோல் அறுந்த பிறகு பெட்டிக்குள்ளேயே நின்று அழுதுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவேன்.

அப்படி இருக்கிற நாளில்தான் அந்தப் பெட்டி பழுதாயிற்று. எங்கள் மேல்மாடியில் இருந்த ஒரு அண்ணை, ஊரில் பஸ் டிப்போவில் வேலை செய்தவர், வந்து காதுக்குள் சொன்னார். காசுக் குற்றியைப் போட்டால் கோல் போகிறதாம், பேசி முடித்து ரிசீவரை வைத்ததும் போட்ட குற்றி அப்படியே கீழே வந்து விழுகிறதாம். அதையே திரும்பப் போட்டுத் திரும்பப் பேசலாம். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ தங்கச்சி, உங்கட பிள்ளைக்காகச் சொல்லுறன் என்றார். நான் ஒருவருக்கும் சொல்லவில்லை, பக்கத்து அறைப் பெண்ணுக்கு மட்டும்தான் சொன்னேன். அவளும் ஒருவருக்கும் சொல்லவில்லை, பக்கத்து மாவட்டத்து ஹைமில் இருந்த தன் தம்பிக்கு மட்டும்தான் சொன்னாள். அண்ணையும் இன்னும் நாலைந்து பேருக்கு இதேபோல ஒருவருக்கும் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

அடுத்த ஞாயிறு நான் பாலத்தைத் தாண்டிப் போகிறேன், இறைச்சிக் கடைக்கு முன்னால் திருவிழா. எங்கெங்கிருந்தோ வந்து இறங்கியிருக்கிறார்கள். சேலை, குழந்தை, தேத்தண்ணிப் பிளாஸ்க், பாணுக்குள் சம்பல் வைத்த பார்சல். ஒருவர் வரிசை ஒழுங்குபடுத்துகிறார். ஆஸ்பத்திரிக் கேஸ், சாவு வீட்டுக் கேஸ் முன்னுக்கு வரலாம், மற்றவை பின்னுக்கு என்று சத்தம் போடுகிறார். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் நாயைக் கூட்டிக்கொண்டு வந்து, இதைப் பார்த்துவிட்டு அப்படியே நாயோடு திரும்பிப் போனார். எனக்குத் தலையிலே அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஊர் முழுக்க ஜன்னல் திரை அசைகிறது. இவ்வளவு பேரும் ஒளித்துச் செய்கிற காரியத்தை ஊர்வலம் போல வந்து செய்கிறோமே, நாங்கள் என்ன சனம் என்று எரிச்சல் வந்தது. ஆனால் நானும் வரிசையில் போய் நின்றேன். பிள்ளைக் கேஸ் என்று என்னை முன்னுக்கு விட்டார்கள்.

அன்றைக்கு மகள் நல்ல சந்தோசத்தில் இருந்தாள். மூன்று வயது முடிந்திருந்தது, முழு வசனம் பேசப் பழகியிருந்தாள். கீழ்வீட்டுப் பூனை படிக்குக் கீழே குட்டி போட்டிருக்கிறதாம். நான் கேட்காமலே கதை சொல்லத் தொடங்கினாள். முதல் தடவையாக அவளே எனக்குக் கதை சொல்லுகிறாள். குற்றி விழுகிற சத்தம் இல்லை, அவசரம் இல்லை. நான் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

"ஒண்டு வெள்ளை அம்மா. ஒண்டு கறுப்பு. மற்றது என்ன நிறம் தெரியுமோ?"

கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். திரும்பிப் பார்த்தால் பச்சைச் சட்டை போட்ட பொலிஸ்காரன். இளம் ஆள், மீசை சரியாக முளைக்காத முகம். வெளியே வரிசை கலைந்து ஓடிக்கொண்டிருந்தது. நான் கையைக் காட்டினேன், கொஞ்சம் பொறு என்று. பிள்ளை என்று சொன்னேன், கிண்ட், கிண்ட் என்று ஜெர்மனிலும் சொன்னேன். அவன் கதவைத் திறந்தான். கையை என் தோளுக்கு மேலால் நீட்டி, ரிசீவர் தொங்குகிற கொக்கியை ஒரு விரலால் அமத்தினான். அவ்வளவுதான். அடிக்கவில்லை, இழுக்கவில்லை, கத்தவில்லை. ஒரு விரல்.

மற்றக் குட்டி என்ன நிறம் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

என்னை அடித்திருந்தால் கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திராது. குற்றி தனக்குரிய வேலையைச் செய்துவிட்டு டங்கென்று கீழே வந்து விழுந்தது. அதை எடுத்து அவன் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டான், சாட்சியாம்! ஓடாமல் நின்றது நானும், கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணும், பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்த டிப்போ அண்ணையும்தான். மூன்று பேரையும் காரில் ஏற்றினார்கள். ஊரில் ஆமிக்காரன் ஏற்றினால் திரும்பி வருவோமா என்று தெரியாது, இங்கே அப்படி இல்லை, கோப்பி கூடத் தருவார்கள் என்று அண்ணை என்னை ஆறுதல்படுத்தினார். எங்களை இப்படி ஆக்கிவைத்திருக்கிறார்கள் பாருங்கள். அங்கே கொல்லுகிறான் என்பதற்காக இங்கே கொக்கியை அமத்துகிறவனுக்கு நன்றி சொல்லவேண்டும்.

நிலையத்தில் மொழிபெயர்க்க ஒரு பெடியனைக் கூப்பிட்டிருந்தார்கள். மெட்ராஸ் பக்கத்து ஆள், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவராம். மேடம், டென்ஷன் ஆகாதீங்க, ஸிம்பிளா சொல்லிடுங்க, ஸாரின்னு சொன்னா விட்டுடுவாங்க என்றார். குற்றச்சாட்டு இரண்டு. மாவட்ட எல்லையைத் தாண்டியது ஒன்று, ரெலிபோனை ஏமாற்றியது மற்றது. நான் ஏமாற்றவில்லை, பழுதான மெசினை வீதியில் வைத்திருந்தது நீங்கள், காசு போட்டேன், அது வேண்டாம் என்று திருப்பித் தந்தது என்றேன். எல்லை தாண்டியது உண்மை, பாலத்துக்கு இந்தப் பக்கம் வெளிநாட்டுப் பெட்டி ஒன்று வையுங்கள், நான் ஏன் தாண்டப்போகிறேன் என்றேன். பிறகு அந்த இளம் பொலிஸ்காரனைப் பார்த்து மனதில் இருந்ததைச் சொன்னேன்.

"உமக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது முதல் முதல் கதை சொல்லேக்க, ஆரும் ஒருத்தன் வந்து அதின்ர வாயைப் பொத்தோணும். அப்ப விளங்கும் உமக்கு."

மெட்ராஸ் பெடியன் என்னைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், பிறகு ஜெர்மனில் ஏதோ மூன்று சொல் சொன்னார். நான் அவ்வளவு பேசியதற்கு மூன்று சொல்! பொலிஸ்காரன் தலையாட்டிவிட்டு, பரவாயில்லை என்றான். நான் வருத்தப்படுவதாக மொழிபெயர்த்திருக்கிறார் பாவி. எனக்கு வந்த விசருக்கு அந்த மெட்ராஸ் பெடியனின் கழுத்தைத்தான் பிடித்திருப்பேன். நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தார், அது தெரியும். ஆனால் என் கோபம் ஒன்றுதான் அந்த நாட்டில் எனக்குச் சொந்தமாக இருந்தது. அதையும் மன்னிப்பாக மாற்றிக் கொடுத்துவிட்டார்.

தண்டம் வந்தது. ஒரு எச்சரிக்கையும் வந்தது, இன்னொரு தடவை எல்லை தாண்டினால் வழக்கைப் பாதிக்கும் என்று. இறைச்சிக் கடைக்கு முன்னால் நின்ற மஞ்சள் பெட்டிக்கும் ஒரு தண்டனை கொடுத்தார்கள். ஆட்கள் வந்து அதைத் திருத்திவிட்டு, அதோடு வெளிநாட்டுக் கோலையும் வெட்டிவிட்டுப் போனார்கள். பிரச்சினை தீர்ந்ததாம். அரசாங்கங்கள் பிரச்சினையைத் தீர்க்கிற விதம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான், எங்கே நோகிறது என்று கேட்காமல் எதையாவது வெட்டிவிடுவார்கள்.

அடுத்த ஞாயிறு நான் அதைவிடத் தூரத்தில் இருந்த பட்டணத்து ஸ்டேசன் பெட்டிக்குப் போனேன். அங்கேயும் ஒரு தடவை பிடித்தார்கள். அதற்கடுத்த ஞாயிறும் போனேன். வழக்குக் கெட்டுப்போகும் என்று இவர் கெஞ்சினார், கோபித்தார், ஒருநாள் கதவைப் பூட்டித் திறப்பை எடுத்து வைத்துக்கொண்டார். பிள்ளை என்னை மறந்தால் வழக்கை வைத்து நான் என்ன செய்ய என்று கேட்டேன். திறப்பைத் தந்துவிட்டார். மழை, பனி, காய்ச்சல், எதற்கும் ஒரு ஞாயிறையும் நான் விடவில்லை. பிள்ளை என் குரலுக்குத் துள்ளுவதாக அக்கா சொல்லுவாள். ஞாயிறென்றால் விடியவே குளித்து வெளிக்கிட்டு, கீழ்வீட்டு வாசலில் போய்க் குந்திவிடுவாளாம். நான் வெல்லுகிறேன் என்று நினைத்தேன். அலுவலகமும் பொலிசும் கோதாரி விழுந்த மெசின்களும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நான்தான் வெல்லுகிறேன் என்று.

அவள் நாலு வயதை எட்டுகிற நேரம் ஒரு குடும்பம் தங்கள் பிள்ளைகளோடு பிள்ளையாக அவளைக் கூட்டிக்கொண்டு வந்தது. எப்படி, எந்த வழியால் என்று எழுத மாட்டேன். கோபம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு பயமும் இன்னும் இருக்கிறது. ஒரு வியாழக்கிழமை ஹைம் வாசலில் காரில் வந்து இறங்கினாள். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். உடம்பை விறைப்பாக வைத்துக்கொண்டு தூக்கவிட்டாள். களைப்பு, குளிர், புது இடம், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று கூட்டிவந்தவர்கள் சொன்னார்கள். சாப்பிட்டாள், தூங்கினாள், கேட்டதற்கெல்லாம் மரியாதையாகப் பதில் சொன்னாள். அழவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் கண் விழிக்கும்போது அவள் எழும்பி, தானாக முகம் கழுவி, கொண்டுவந்த பையைத் திறந்து பாவாடைச் சட்டை போட்டு, செருப்பும் மாட்டிக்கொண்டு கதவடியில் நின்றாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. எங்கே பிள்ளை போகப்போகிறீர்கள் என்று கேட்டேன்.

"என்னைக் கொண்டுபோய்ப் பெரியம்மா வீட்டை விடுங்கோ. இண்டைக்கு அம்மா ரெலிபோன் எடுப்பா. நான் இல்லாட்டி அம்மா அழுவா."

நான் முழந்தாளில் இருந்து அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தேன். என் தொண்டை அன்றைக்கென்று இன்னும் கரகரத்தது.

"நான்தானே குஞ்சு அம்மா."

அவள் என்னை நன்றாகப் பார்த்தாள். அக்கா நல்லாகத்தான் வளர்த்திருந்தாள், பெரியவர்களை எதிர்த்துப் பேசுகிற பழக்கம் அவளிடம் இல்லை.

"ஓம் அன்ரி," என்றாள். "எண்டாலும் நேரம் போகுது."